இரண்டு கைத்தட்டல்

அத்தியாயம் 14

தட்டு மாற்றுகிற நாள் விடிந்ததிலிருந்தே தனம் பயந்துகொண்டே இருந்தாள். சமையலை நினைத்து இல்லை. இருபத்தைந்து பேருக்குச் சமைப்பது அவளுக்குக் கைவந்த வேலை. புருஷன் வாயை நினைத்துத்தான் பயம்.

ஏன் பயம் என்று வாராவாரம் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றுதான் வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நாலு வரி.

தனத்தின் கணவர் தருமனும், மகள் சினேகாவைக் கட்டப்போகிற வல்லரசுவின் அப்பா ராமனும் இருபத்தெட்டு வருஷச் சிநேகிதர்கள். இருவரையும் சேர்த்து வைத்தவர் இளஞ்செழியன் என்கிற ராக் பாடகர். அவருடைய 'தகரக்கொட்டாய்' குழுவின் முதல் கேசட்டை ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து, நாடா தேய்கிற வரை கேட்டவர்கள். அந்தச் சிநேகம் முற்றி சம்பந்தமாகிற நேரம் பார்த்து, பதினொரு வருஷம் சும்மா இருந்த இளஞ்செழியன் தன் அறுபத்தாறாவது வயதில் ஒரு புது ஆல்பம் போட்டார். 'இறங்கு வெயில்' என்று பேர். ஏழு பாட்டு. டிரம்ஸ் கிடையாது, கத்துகிற கிதார் கிடையாது. ஒரு பேஸ் கிதாரும், அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி ஒரு குரலும், அவ்வளவுதான்.

தருமனுக்கு அடிவயிறு எரிந்தது. ராமன் உருகிப் போனார். தருமன் அட்மினாக இருக்கிற ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் எண்பத்தாறு பேர். மூன்றே நாளில் குழு இரண்டாகப் பிளந்தது. மாத்திரை போட்டுத் தூங்கப் போகிறவனுக்கு எடுத்த ஆல்பம் என்றது ஒரு கட்சி. மனுஷனுக்கு வயசாக உரிமை இல்லையா என்றது மறு கட்சி. "இதுலதான் ஒரு வார்த்தை விடாம கேக்குது" என்று ராமன் எழுதினார். அதற்குத் தருமன், "இந்த ஆல்பம் பிடிக்குதுன்னு சொல்றவங்க முதல்ல காது டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று எழுதினார். ராமன் பதிலே போடவில்லை. பதில் போடாததே திமிர் என்று முடிவு கட்டி, வியாழக்கிழமை சாயங்காலம் வருங்காலச் சம்பந்தியைக் குழுவை விட்டே நீக்கிவிட்டார் தருமன். போன வாரம் நாம் விட்ட இடம் அதுதான்.

இன்று ஞாயிறு. பத்தரைக்கு மேல் நல்ல நேரம். பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கிவிடும். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

பச்சைப் பட்டுப் புடவையில் சினேகா சமையலறைக்கு வந்து நின்றாள். சென்னைக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறவள். இன்றைக்கு அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிவிட்டதாகவும், அங்கே வல்லரசுவும் அவன் அப்பாவிடம் வாங்கிவிட்டதாகவும் சொன்னாள்.

"உங்கப்பா பேச மாட்டாருடி," என்றாள் தனம். "ஆனா அவர் மூஞ்சி பேசுமே, அதுக்கு இன்னா பண்றது?"

தருமனின் மூஞ்சி அப்படி. வேங்கிக்காலில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். திருவிழா, கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் ஸ்பீக்கர்தான் போகும். காதுதான் தன் சொத்து என்பார். தெருமுனையில் ஓடுகிற ஸ்பீக்கர் பெட்டியில் கோன் கிழிந்திருப்பதை வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு, தன்னைப் போலவே காதுள்ளவன் என்று இத்தனை வருஷம் நம்பிய ஒருவன் வேறு மாதிரி கேட்பது துரோகமாகப் பட்டது.

பத்தே முக்காலுக்கு வேன் வந்தது. ஓட்டி வந்தவர் ராமனேதான். தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அவர் டிரைவர். சொந்தக்காரர்களை ஏற்றி வர ஒரு நண்பரிடம் வேனைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வேனிலிருந்து பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, இனிப்புத்தட்டு என்று வரிசையாக இறங்கியது. வல்லரசு வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு வந்தான். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு அலுவலகத்தில் உதவியாளர் வேலை அவனுக்கு.

முன்பெல்லாம் ராமனைப் பார்த்தால் தருமன் "டேய்" என்று கட்டிப் பிடித்துக்கொள்வார். இன்று கை கூப்பினார். ராமனும் கூப்பினார். வாசல் ஓரம் நின்றிருந்த தனம், "வாங்கண்ணா, வழியில சௌகரியமா வந்தீங்களா?" என்று கேட்டாள். ராமன் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைக் கடந்து உள்ளே போனார்.

தனத்துக்குச் சுருக்கென்றது. குழுவை விட்டு நீக்கியது புருஷன். அதற்கு நான் என்ன பாவம் செய்தேன்? இந்த மனிதர் எத்தனை தடவை இதே வீட்டில் என் கையால் சாப்பிட்டிருக்கிறார். நாளைக்கு என் பெண்ணும் அந்த வீட்டில் இப்படித்தான் பதில் கிடைக்காமல் நிற்பாளா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

காபி வந்தது. எதிரெதிரே இரண்டு பாய் விரித்து இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் உட்கார்ந்தார்கள். மழை, கல்யாண மண்டபம், வைகாசியில் எந்த முகூர்த்தம் என்று பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ராமனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அடித்தது வெறும் மணி இல்லை. 'இறங்கு வெயில்' ஆல்பத்தின் முதல் பாட்டு. போனின் சின்ன ஸ்பீக்கரில் கீச்சுக் கீச்சென்று கூடம் முழுக்கக் கேட்டது. ராமன் எடுக்கவில்லை. எதிரில் மண்டபத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவரின் வாயையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முழுசாக ஓடி நின்றது. மறுபடி ஆரம்பித்தது. தருமனின் முகத்தில் மெல்லச் சிவப்பு ஏறுவதைத் தனம் சமையலறை வாசலிலிருந்து பார்த்தாள். சம்பந்தியம்மா அருணாதேவிதான் எழுந்து வந்து கணவரின் தோளைத் தொட்டுச் சொன்னாள். ராமன் போனை எடுத்துப் பார்த்து, ஏதோ கம்பெனிக்காரன் என்று சொல்லி அணைத்து வைத்தார்.

பாட்டை வேண்டுமென்றே ஓடவிட்டான் என்று தருமன் நினைத்துவிட்டார். அவர் நினைத்ததில் தப்பு சொல்லவும் முடியாது. கூடத்தில் இருந்த எல்லாருக்குமே அப்படித்தான் தோன்றியது.

தருமன் எழுந்தார். "சரி, நல்ல காரியம் நடக்கற வீடு. நல்ல பாட்டு ஒண்ணு கேப்போம்," என்று கூடத்து மூலையில் இருந்த பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டின் மேலிருந்த துணியை விலக்கினார். சினேகா வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். சத்தியம் புது ஆல்பத்துக்குத்தான், பழையதுக்கு இல்லை என்பது அவர் கணக்கு.

போட்டது 'ஏழேகால் பஸ்'. தகரக்கொட்டாய் ரசிகர்களுக்கு அது கோயில் மணி மாதிரி. பாட்டின் முடிவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிசப்தம். பிறகு கண்டக்டர் 'ரைட்' கொடுப்பதுபோல் மெல்லிசாக இரண்டு விசில். விசில் கேட்டதும் ரசிகர்கள் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உடனே டிரம்ஸ் புறப்படும். நடுவில் அந்த நிசப்தத்தில் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அங்கே சத்தம் போடுகிறவன் பாட்டையும் பாடினவரையும் கேலி செய்கிறான் என்று அர்த்தம். ஒரு கூட்டத்தில் அந்த இடத்தில் தும்மிவிட்ட ஒருத்தர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டதாகத் தருமன் பெருமையாகச் சொல்வார்.

ராமன் கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் விரலால் தாளம் போட்டார். அவர் முகம் இளகுவதைப் பார்த்துத் தனத்துக்கு உயிர் வந்தது. பாவி மனுஷன், பாட்டு போட்டதும் நல்லதுக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

வாத்தியங்கள் நின்றன. கூடம் அமைதியானது. ராமனின் விரல் தொடையில் நாலு முறை தட்டியது. பிறகு கண்ணைத் திறக்காமலே, சிரித்த முகத்தோடு, பளீர் பளீரென்று இரண்டு தட்டு தட்டினார்.

விசில் இன்னும் வரவில்லை.

அதற்கப்புறம் ஐந்து எண்ணுகிற நேரம் கழித்துத்தான் விசில் வந்தது. தருமன் கை தட்டவில்லை. எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினார். யார் முகத்தையும் பார்க்காமல் மாடிப்படி ஏறினார். பின்னாலேயே ஓடிய தனத்திடம், தட்டு இன்னொரு நாள் மாற்றிக்கொள்ளலாம், எனக்கு மனசு சரியில்லை என்று சொல்லி அவர்களை அனுப்பச் சொன்னார்.

"அந்த இடத்துல கை தட்டறான் தனம். எங்கூட்டுல ஒக்காந்துக்கினு. இதைவிட மூஞ்சில துப்பியிருக்கலாம்."

மணி பதினொன்று இருபது. தனம் படியிறங்கினாள். கீழே சினேகா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். வல்லரசு அவளைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை நின்றுபோன தட்டு மறுபடி மாறுவது எவ்வளவு கஷ்டம் என்று தனத்துக்குத் தெரியும். பெண் வீட்டில் என்ன குறை என்று ஊர் கேட்கும். அந்தக் குறையையும் ஊரே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

ராமன் கூடத்தில் இல்லை. பின்பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தனம் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"

பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டாள். அதற்கும் இல்லை. கோபம் வந்துவிட்டது அவளுக்கு. வாயைத் திறந்தவள், சமையலறையில் குக்கர் விசில் அடித்ததும் திடுக்கிட்டுத் திரும்பினாள். அடுப்புக்கு நேராக ஜன்னல், நாலடி தூரம்கூட இல்லை. ராமன் திரும்பவில்லை. நிதானமாக முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.

தனம் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் தான் சொன்ன 'வாங்கண்ணா'. சட்டைப் பையில் இரண்டு தடவை அடித்த போன். பேசுகிறவர்களின் வாயையே அவர் பார்த்துக்கொண்டிருந்தது. காது டாக்டரைப் பாருங்கள் என்று தன் புருஷன் எழுதியதற்குப் பதிலே வராமல் போனது. ஒவ்வொன்றாக அவள் நெஞ்சில் வந்து இடித்தது.

சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிரில் நின்றாள். "அண்ணா, காது கேக்கலியா உங்களுக்கு?"

ராமன் அவள் உதட்டைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"ரெண்டு வருஷமாச்சு தனம்," என்றார். "மெல்லிசு சத்தம் எதுவும் வரல. விசிலு, பெல்லு, பொம்பளைங்க குரலு. எதிர்ல நின்னு பேசுனா வாயைப் பாத்துப் புரிஞ்சிக்குவேன். கட்டைக் குரல்னா நல்லா கேக்குது. பழைய பாட்டெல்லாம் இப்ப எனக்கு மழை பெய்யற சத்தம் மாதிரிதான். செழியண்ணன் போயிட்டாருன்னே நெனச்சிக்கினு இருந்தேன். இந்த ஆல்பம் வந்துச்சு. எம்பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரி, ஒரு வார்த்தை வுடாம கேட்டுது. வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதுட்டேன்."

 அந்த மனிதருக்குப் பிடித்ததற்கு இதுதான் காரணம். இதற்குத்தானா இத்தனை ஏச்சும் பேச்சும்?

கைதட்டலையும் அவரே சொன்னார். விசில் கேட்காததால் நாலு எண்ணித்தான் தட்டுவாராம். கேசட்டில் நாலுதான். இன்றைக்கு என்ன ஆனதென்றே புரியவில்லை என்றார்.

"இது வேலூர் கச்சேரியில எடுத்ததுண்ணா," என்றாள் தனம். "இதுல ஒம்போது எண்ணணும்."

பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் என்று அந்த வீட்டில் பேர் வாங்கியவள் அவள். இருபத்தாறு வருஷமாகச் சமையலறைச் சுவர் வழியாக அத்தனை பாட்டையும் கேட்டவளும் அவள்தான்.

உள்ளே வந்து இதை அவரிடம் சொல்லுங்கள், உங்கள் காலில் விழுந்துவிடுவார் என்று கெஞ்சினாள். ராமன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். தருமனுக்குத் தெரிந்தால் எண்பத்தாறு பேருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். காது கேட்காதவன் கையில் யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்? அருணாதேவிக்கும் தெரியாது, வல்லரசுவுக்கும் தெரியாது. கவனமில்லாத மனுஷன் என்று நினைத்து அவள் தொட்டுத் தொட்டுக் கூப்பிடுகிறாள். பரீட்சை முடிந்து லீவு விட்டதும் காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். கல்யாணத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும், அதுவரைக்கும் சொல்லிவிடாதே என்று கை கூப்பினார்.

"அந்த பஸ்ல நாப்பது புள்ளைங்க வருதேண்ணா."

"கண்ணாடி பாத்து ஓட்டறேன் தனம். முப்பது வருஷத்துல வண்டியில ஒரு கீறல் கெடையாது."

கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து காட்டியது. நாற்பது பிள்ளைகள் ஒரு பக்கம், கூடத்தில் சுவரைப் பார்த்து நிற்கிற தன் பிள்ளை ஒரு பக்கம். தனம் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டும்போதே இது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நாற்பது பேரை அவள் பார்த்ததில்லை. சினேகாவைப் பெற்றிருக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம், அதற்காக அவள் கூசவும் செய்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மாடிக்கு ஓடி, தான்தான் கெடுத்தது என்று புருஷனிடம் சொன்னாள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து, நேரமாகிறதே என்று கதவோரம் நின்று அண்ணாவுக்குச் சைகை காட்டினேன், அவர் பாவம் முடிந்துவிட்டதாக நினைத்துத் தட்டிவிட்டார் என்றாள். ராமன் கண்ணை மூடியிருந்தார் என்பது நல்லவேளையாகத் தருமனுக்கு ஞாபகம் வரவில்லை.

"உனக்குப் பாட்டைப் பத்தி இன்னா தெரியும்? இந்த வேலையெல்லாம் உன்னை யாரு பாக்கச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தார். தனம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அந்தத் திட்டு அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. திட்டி முடித்ததும் தருமன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்கும் ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது.

கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, பாட்டின் கடைசிப் பகுதியை மறுபடி போட்டார். தனம் சாமி அறைக் கதவோரம், ராமனுக்கு நேர் எதிரே நின்றாள். அவர் எப்படியும் மறுபடி போடுவார், நான் முந்தானையைச் செருகும்போது தட்டுங்கள் என்று குழாயடியிலேயே சொல்லியிருந்தாள். ராமன் இம்முறை கண்ணை மூடவில்லை.

வாத்தியங்கள் நின்றன. ஒன்று. இரண்டு. தனத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் எண்ணிக்கை தவறிவிடும் போலிருந்தது. ஏழு. எட்டு. விசில் வருவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

இரண்டு பேரும் ஒன்றாகத் தட்டினார்கள். நாலு கையும் ஒரே சத்தம்.

தருமனின் கண் கலங்கிவிட்டது. "டேய் ராமா," என்று எழுந்து போய்க் கட்டிக்கொண்டார். பதினொன்று ஐம்பதுக்குத் தட்டு மாறியது. அருணாதேவி சினேகாவின் தலையில் பூ வைத்தாள். வல்லரசு முதல்முறையாகச் சிரித்தான். சாப்பாட்டுப் பந்தியிலேயே தருமன் போனை எடுத்துச் சம்பந்தியை மறுபடி குழுவில் சேர்த்தார். புது ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு அத்தனை மோசமில்லை, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னார். ராமன் அவர் வாயைப் பார்த்துத் தலையாட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். தனத்துக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை. காலையில் அந்த பஸ் கிளம்பும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். படியில் நிற்கிற குழந்தை ஏதாவது கத்தும். பரீட்சை முடிய இன்னும் எத்தனை வாரம் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, எண்ணப் பிடிக்காமல் விட்டுவிட்டாள். வல்லரசுவிடமாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். இரண்டு தடவை மோர் ஊற்றுகிற சாக்கில் அவன் பக்கத்தில் போனாள். இரண்டு தடவையும் மோரை மட்டும் ஊற்றிவிட்டு வந்தாள்.

இரண்டரை மணிக்குக் கிளம்பினார்கள். அவர்கள் தெரு முட்டுச் சந்து. வேனைத் திருப்ப இடமில்லை, பின்னாலேயே எடுத்துத்தான் பெரிய தெருவுக்குப் போக வேண்டும். சவுண்ட் சர்வீஸ் லாரிகளுக்கு வழிகாட்டிப் பழகிய தருமன், சம்பந்திக்கு வழிகாட்ட வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வேன் மெல்லப் பின்னால் நகர்ந்தது. ராமன் பக்கக் கண்ணாடியில் தருமனின் கையைப் பார்த்தபடியே சரியாக ஓட்டினார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த வல்லரசு வாசலில் நின்ற சினேகாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனமும் அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

பாதித் தெருவில், வளைகிற இடத்தில் தருமனின் ஸ்கூட்டர் குறுக்கே இருந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை வாங்கி வந்து ஒரு வீட்டு மதிலோரம் அவரே நிறுத்தியது. "ஸ்டாப், ஸ்டாப்," என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, அதை நகர்த்த வேனுக்கு நேர் பின்னால் மதிலோரம் போய்க் குனிந்தார். நிறுத்தச் சொன்னால் யாரும் நிறுத்துவார்கள். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்குத் தோன்றவில்லை.

பேருக்குத்தான் அவருடையது ஆம்பளைக் குரல். ஊரெல்லாம் மைக் பிடித்துக் கத்திக் கத்திக் கீச்சென்று ஆகிவிட்ட குரல் அது. கண்ணாடியில் இப்போது கையும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. வழி விட்டுவிட்டார் என்று ராமன் நினைத்திருக்க வேண்டும். வேன் நிற்கவில்லை.

"அண்ணா, நிறுத்துங்க," என்று தனம் கத்தினாள். கத்தும்போதே தெரிந்துவிட்டது. இந்தக் குரலும் அவருக்குக் கேட்காத குரல். வேனின் பின்புறத்துக்கும் மதிலுக்கும் நடுவே தருமனின் குனிந்த முதுகு தெரிந்தது. ஸ்கூட்டர் ஸ்டாண்ட் இறுகிக்கொண்டு எடுபடாமல் கிடந்தது.

"தம்பி, பிரேக்கைப் புடி," என்று அலறியபடி வேனை நோக்கி ஓடினாள். "உங்கப்பாவுக்குக் காது கேக்காது. புடிப்பா, அவருக்குக் காதே கேக்காது."

வல்லரசு தாவி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். வேன் குலுங்கி நின்றது. ஸ்கூட்டர் சரிந்து மதிலில் சாய்ந்தது. தருமன் மதிலோடு முதுகை ஒட்டி நின்றார். அவர் வயிற்றுக்கும் வேனுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

 அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள். வேன் ஜன்னல்களில் சொந்தக்காரர்களின் முகங்கள் தெரிந்தன. அருணாதேவி வாயில் கை வைத்தபடி புருஷனின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வல்லரசு பிரேக்கைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை. தருமன் வேனைப் பார்க்கவில்லை, தனத்தைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

டிரைவர் கதவைத் திறந்துகொண்டு ராமன் இறங்கினார். மகன் ஏன் பிரேக்கை இழுத்தான் என்று விளங்காத முகம். ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் புரிந்து, வேனைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். மதிலோரம் நின்ற சம்பந்தியைப் பார்த்ததும் பதறிப் போனார்.

"இன்னா சம்மந்தி, அங்க இன்னா பண்றீங்க? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

தெரு முழுக்கத் தனம் சொன்னதைக் கேட்டுவிட்டிருந்தது. அவர் மட்டும், என்ன பதில் வரப் போகிறதோ என்று தருமனின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.